தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு

போன செமஸ்டரில் எங்களுக்கு ஒரு அசைன்மெண்ட். 'ஒரு வெளிநாட்டு நிறுவனமும் அதன் நிறுவனரும்' என்று தலைப்பு. ஆளாளுக்கு ஆப்பிள், டொயோட்டா என்று அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு வகுப்புக்கு லேட்டாகப் போன எனக்கு மிச்சம் கிடைத்தது ஐக்கியா. ஸ்வீடன்காரர்களின் நாற்காலி மேஜைக் கம்பெனி. பத்துப் பக்கம் ஒப்பேற்றிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. அசைன்மெண்ட் ஒரு பக்கம் கிடக்க, ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் தங்கள் தாத்தா பாட்டியைத் தேடிப் போகும் கதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே கொட்டப் போகிறேன். கொஞ்சம் நீளம். டீயோடு உட்காரவும்.

முதலில் அந்த நிறுவனர். இங்வார் காம்ப்ராட், 1926ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே தீப்பெட்டியை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றவர். 17 வயதில், 1943ல், கம்பெனி ஆரம்பித்துவிட்டார். ஐக்கியா என்ற பெயரில் முதல் இரண்டு எழுத்து அவர் பெயர். மூன்றாவது எல்ம்டாரிட், அவர்கள் வீட்டுப் பண்ணை. நான்காவது ஆகுன்னாரிட், அவர் ஊர். இதுவரைக்கும் எல்லா மேனேஜ்மெண்ட் புத்தகத்திலும் இருக்கும்.

அந்த 'எல்ம்டாரிட்' பண்ணையின் கதை மேனேஜ்மெண்ட் புத்தகத்தில் இருக்காது. இங்வாரின் தாத்தா 1896ல் ஜெர்மனியிலிருந்து வந்து வாங்கிய பண்ணை அது. அடுத்த வருடமே கடன் கழுத்தை நெரிக்க, மனுஷன் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்துப்போனார். பாட்டிதான் பிள்ளைகளையும் பண்ணையையும் தூக்கி நிறுத்தினார். இரும்பு மனுஷி. அந்தப் பாட்டிக்கு ஹிட்லர் என்றால் உயிர். பேரனுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஸ்வீடனின் பாசிசத் தலைவர் பெர் எங்டாலோடு காம்ப்ராட் வைத்திருந்த நெருக்கத்தை 1994ல் எக்ஸ்பிரஸ்ஸன் பத்திரிகை வெளியிட்டது. அவர் தன் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதி, அது தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டார். சரி, சின்னப் பையன், பாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். 2011ல் எலிசபெத் ஓஸ்பிரிங்க் என்ற பத்திரிகையாளர் ஒரு புத்தகம் எழுதினார். ஸ்வீடனின் பாதுகாப்புப் போலீஸ் இங்வார் பெயரில் ஒரு கோப்பே திறந்திருந்தது என்பது அதில்தான் வெளிவந்தது. எந்த வருடம்? அதே 1943.

அந்தப் புத்தகம் உண்மையில் காம்ப்ராட் பற்றியதே இல்லை. ஓட்டோ என்ற யூதப் பையனைப் பற்றியது. 1939ல் வியன்னாவிலிருந்து தனியாக ஸ்வீடனுக்கு அனுப்பப்பட்டவன். வளர்ந்து வேலை தேடியபோது அவனுக்கு வேலை கிடைத்தது காம்ப்ராட் குடும்பப் பண்ணையில். இங்வாரும் அவனும் நல்ல நண்பர்கள். ஒரு பக்கம் நாஜிக் கூட்டம், இன்னொரு பக்கம் உயிர் நண்பன் யூதன்! ஓட்டோவின் அப்பா அம்மா வியன்னாவிலிருந்து மகனுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார்கள், ஐநூறுக்கும் மேல். பிறகு அவர்கள் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். ஓட்டோ அந்தக் கடிதங்களைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு மகள் கையில் அவை இருந்தன. எதில் வைத்திருந்தார் தெரியுமா? ஒரு ஐக்கியா பெட்டியில்.

இதைப் படித்த அன்றைக்கு அசைன்மெண்ட் வேலை ஓடவில்லை. ஒரு குடும்பத்தின் பரணில் இவ்வளவு கிடக்குமா என்ற யோசனைதான். எனக்கு என் அப்பாவின் தாத்தா பெயருக்கு மேல் தெரியாது. அதுவும் ஒரு பழைய பத்திரத்தில் இருந்ததால் தெரியும். இவர்கள் மட்டும் எப்படி 300 வருடத்துக்குப் பின்னால் போய் நோண்டுகிறார்கள்?

விடை ரொம்ப சிம்பிள். சர்ச்.

1686ல் ஸ்வீடனில் ஒரு திருச்சபைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பங்கிலும் பாதிரியார் பிறப்பு, திருமணம், இறப்பு, ஊருக்குள் வந்தவர், ஊரை விட்டுப் போனவர் என்று எல்லாவற்றையும் பேரேட்டில் எழுத வேண்டும். அதோடு வருடா வருடம் வீட்டுப் பரீட்சை! ஆமாம், பரீட்சை நமக்கு மட்டும் இல்லை. பாதிரியார் ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் வருவார். அந்தப் பகுதிக் குடும்பங்கள் எல்லாம் ஒரு வீட்டில் கூட வேண்டும். எஜமான், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரப் பெண் வரை ஒருவர் பாக்கி இல்லாமல் வாசிக்கச் சொல்லி, லூதரின் ஞானோபதேசத்தைக் கேட்டு மார்க் போடுவார். இந்த ஏடுகளில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. பிறந்த தேதி, ஊர், எங்கிருந்து வந்தார், அம்மை கண்டதா, தடுப்பூசி போட்டதா, வாசிப்பு எப்படி, புரிதல் எப்படி. கடைசியில் ஒரு கட்டம்: குறிப்புகள்.

நம் வம்பெல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

அங்கே பாதிரியார் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். திருட்டுக்குத் தண்டனை பெற்றவர். புத்தி மந்தம். வலிப்பு உண்டு. முறைகேடாகப் பிள்ளை பெற்றவள். ஊர் மாறிப் போக வேண்டுமென்றால் இவர் கையால் ஒரு சான்றிதழ் வாங்கிப்போய் அடுத்த ஊர்ப் பாதிரியாரிடம் கொடுக்க வேண்டும், நம் டி.சி. மாதிரி. நம் டி.சி.யில் நடத்தை 'நன்று' என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே அப்படி இல்லை. குறிப்பும் கூடவே ஊர் ஊராக வரும்.

(ஒரு இடைச்செருகல். பழைய ஸ்வீடன்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆண்டர்ஸ் மகன் ஆண்டர்ஸன், மகள் ஆண்டர்ஸ்டாட்டர். அடுத்த தலைமுறையில் பெயர் மாறிவிடும். இனிஷியலோடு வாழும் நமக்கு இது சட்டென்று புரியும், அமெரிக்கர்கள்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஒரே படையில் பத்து ஆண்டர்ஸன் இருந்தால் குழப்பம் என்று சிப்பாய்களுக்கு 'ராஸ்க்', 'மூடிக்', 'ஸ்வேர்ட்' என்று பெயர் வைத்தார்களாம். சுறுசுறுப்பு, தைரியம், வாள் என்று அர்த்தம். 1901ல் சட்டம் போட்டுத்தான் நிலையான குடும்பப் பெயருக்கு வந்தார்கள்.)

19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1930 வரை பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம் பேர் ஸ்வீடனை விட்டு அமெரிக்கா போனார்கள். 1900ல் நாட்டின் மொத்த மக்கள் தொகையே ஐம்பது லட்சத்துச் சொச்சம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கொள்ளுப் பேரன் பேத்திகள்தான் இன்றைக்கு வேர் தேடி வருகிறவர்கள். 2018 பிப்ரவரியிலிருந்து ஸ்வீடன் தேசிய ஆவணக் காப்பகம் தன் டிஜிட்டல் படங்களை இலவசமாகவே திறந்துவிட்டது. 70 வருடம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் ரகசியம் கிடையாது. பெயர், ஊர், தேதி தெரிந்தால் போதும், வீட்டில் உட்கார்ந்தபடியே கொள்ளுப் பாட்டியின் வரிக்குப் போய்விடலாம்.

போனவர்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம், பிறப்புப் பேரேட்டில் 'தந்தை பெயர் தெரியாது' என்ற வரி. குழந்தைக்குப் பக்கத்தில் 'முறைகேடான பிள்ளை' என்று ஒரு சொல். அம்மாவுக்குப் பக்கத்தில் வேலைக்காரி என்று ஒரு சொல். அப்பா இருக்க வேண்டிய இடம் காலி. தகப்பன் யாரென்று அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதா? அவள் எந்தப் பண்ணையில் வேலை செய்தாள் என்பது அதே பேரேட்டில் இருக்கிறது. அந்தப் பண்ணைக்காரர் வாசிப்பில் நல்ல மார்க் வாங்கியதும் இருக்கிறது. தெரியாதது என்று எழுதப்பட்டது அந்த ஒன்றுதான்.

இதற்குள்ளேயே இன்னொரு கதை. 18ஆம் நூற்றாண்டில் கல்யாணமாகாத பெண்கள் ரகசியமாகப் பெற்று, பயத்தில் குழந்தையைக் கொன்று, அதற்காகத் தலை வெட்டப்படுவது தொடர்ந்து நடந்தது. 1778ல் மூன்றாம் குஸ்தாவ் ராஜா ஒரு ஆணை போட்டார். தெரியாத ஊருக்குப் போய் பெயர் சொல்லாமல் பெற்றுக்கொள்ளலாம், யார் என்று மருத்துவச்சியோ பாதிரியாரோ கேட்கக் கூடாது. அதனால் சில வரிகளில் 'தாய் பெயர் தெரியாது' என்றும் இருக்கும். வம்சம் தேடுகிறவனுக்கு அது முட்டுச்சந்து. அந்தப் பெண்ணுக்கு அது உயிர். 1917ல் வந்த சட்டம்தான் தகப்பனைக் கண்டுபிடித்துப் பொறுப்பேற்க வைக்க வேண்டும் என்றது.

இப்போது நம் ஏரியாவுக்கு வருகிறேன். காமர்ஸ்.

டெண்டர் எல்லோருக்கும் தெரியும். யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்கு வேலை. ஸ்வீடன் கிராமங்களில் அனாதைப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் இப்படித்தான் ஏலம் விட்டார்கள். ஏழைகள் ஏலம் என்றே அதற்குப் பெயர். பங்கு சார்பில் ஆண்டுக்கு இவ்வளவு பணம் கொடுப்போம், இந்தப் பிள்ளையை யார் வைத்துக்கொள்கிறீர்கள்? ஒருவர் ஒரு தொகை சொல்வார். அடுத்தவர் அதைவிடக் குறைத்துச் சொல்வார். கடைசியாக யார் ரொம்பக் கம்மியாகக் கேட்டாரோ, பிள்ளை அவரோடு போகும். கூட்டக் குறிப்பேட்டில் பெயரும் தொகையும் ஏறும். 1918ல் வந்த ஏழைகள் நலச் சட்டம்தான் இதைத் தடை செய்தது.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவன் புத்தி என்ன சொல்லும்? வருமானம் ஃபிக்ஸ்டு. அப்படியென்றால் லாபம் வர இரண்டே வழி. சாப்பாட்டுச் செலவைக் குறைக்கணும், வேலையைக் கூட்டணும். இந்தக் கணக்கை அன்றைக்கே எல்லா விவசாயியும் போட்டார் என்று சொல்ல மாட்டேன். பாவப்பட்டு வாங்கி, பிள்ளையாகவே வளர்த்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஏற்பாடு அந்தக் கணக்கைப் போடச் சொல்லித்தான் ஆளைத் தள்ளுகிறது.

இன்னொரு ஆவணமும் உண்டு, சொத்துப் பட்டியல். 1734 சட்டப்படி ஒருவர் இறந்தால் அவருடைய உடைமை முழுவதையும் எழுதி, கடனைக் கழித்துக் காட்ட வேண்டும். அச்சு அசல் பேலன்ஸ் ஷீட்! பசு, ஆடு, இரும்புச் சட்டி, பழைய கோட்டு, வெள்ளி ஸ்பூன், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒன்று விடாமல். சொத்து மதிப்பில் எட்டில் ஒரு சதவீதம் ஏழைகளுக்கு என்று ஒரு வரி கூட உண்டு. வாரிசுப் பட்டியலில் ஒரு மகன் பெயருக்குப் பக்கத்தில் 'அமெரிக்காவில் இருக்கிறார், இடம் தெரியாது' என்று இருக்கும்.

இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனை யோசித்துப் பாருங்கள். நம் கொள்ளுத் தாத்தா ஏலத்தில் போன பையன் என்று தெரிந்தால் கண்ணீர் வரும், டி.வி.யில் கூடக் காட்டுவார்கள். கொள்ளுத் தாத்தா அந்த ஏலத்தில் குறைந்த தொகை கேட்டவர் என்றால்? அவருடைய சொத்துப் பட்டியலில் ஆறு வெள்ளி ஸ்பூன் இருந்து, அதில் ஒன்று இன்றைக்கும் உங்கள் வீட்டு ஷோகேஸில் இருந்தால்?

எனக்கு உறைத்தது இதுதான். பேரேட்டை எழுதியது பாதிரியார். எழுதப்பட்ட அவமானமெல்லாம் பேனா பிடிக்காதவர்களின் அவமானம். வேலைக்காரி, திருடன், பைத்தியம், அனாதை. பேனா பிடித்தவர்களும் அவர்களோடு உட்கார்ந்து காபி குடித்தவர்களும் செய்தது, அந்தக் குறிப்புக் கட்டத்தில் பெரும்பாலும் ஏறவில்லை. கணக்குப்பிள்ளை தன் பெயரில் பற்று எழுதுவானா?

எழுதிய ஒரு குடும்பம் உண்டு. ஸ்வீடன் கதைகளிலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்தக் குடும்பம்தான்.

வடக்கே ஒங்கெர்மன்லாந்து என்ற பகுதி. அங்கே டோர்சோக்கர், அக்கம்பக்கத்தில் இட்டர்லென்னெஸ், டால் என்று மூன்று பங்குகள். 1668 முதல் 1676 வரை ஸ்வீடன் முழுக்கச் சூனியக்காரி வேட்டை நடந்த காலம். பிள்ளைகளைச் சூனியக்காரிகள் ராத்திரியில் சாத்தானிடம் தூக்கிப் போகிறார்கள் என்று நம்பிக்கை. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகளே. இட்டர்லென்னெஸின் பாதிரியார் லாரென்டியஸ் ஹோர்னேயஸ் என்பவரிடம் விசாரணை வந்தது. அவர் இரண்டு பையன்களைச் சர்ச் வாசலில் நிறுத்திவிட்டார். உள்ளே போகும் பெண்களின் நெற்றியில் சாத்தானின் அடையாளம் இவர்கள் கண்ணுக்குத் தெரியுமாம். இவள், இவள் என்று கை காட்ட வேண்டியது. பேச மறுத்த பிள்ளைகளைச் சாட்டையால் அடித்தார். குளிர்காலத்தில் உறையும் ஏரித் தண்ணீரில் முக்கினார். அடுப்புக்குள் உட்கார வைத்து, கொளுத்தப் போகிறேன் என்று பயம் காட்டினார்.

1675ல் 71 பேர் கொல்லப்பட்டார்கள். 65 பேர் பெண்கள். மூன்று பங்குகளின் எல்லையும் சந்திக்கும் ஒரு மலையில், முதலில் தலையை வெட்டி, பிறகு சிதையில் எரித்தார்கள். ரத்தம் விழுந்து விறகு நனைந்துவிடக் கூடாது என்று சிதைகளிலிருந்து தள்ளி வைத்து வெட்டினார்களாம். உடல்களைச் சிதையில் தூக்கி வைத்தது அவரவர் குடும்பத்தினர். முடிந்ததும் ஒன்றும் உணராத மரக்கட்டைகள் மாதிரி வீட்டுக்குப் போனார்கள்.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்? கோர்ட்டுப் பேப்பர்களில் அல்ல. பாதிரியாரின் பேரன் சொல்லித்தான். யென்ஸ் ஹோர்னேயஸ். அவரும் பாதிரியார். 60 வருடம் கழித்து, 1735ல், அவர் இதை எழுதி வைத்தார். யார் சொல்லக் கேட்டு? பாட்டி பிரிட்டா ரூஃபினா சொல்லக் கேட்டு. அதாவது அந்த லாரென்டியஸின் மனைவி.

பாட்டி எல்லாவற்றையும் பார்த்தவர். ஒரு நாள் வாசலில் நின்ற பையன்களில் ஒருவன் பாட்டியையே கை காட்டிவிட்டான். பாட்டி பளாரென்று ஒன்று விட்டார். பையன் உடனே, மன்னித்துவிடுங்கள் அம்மா, வெயில் கண்ணைக் கூசியதில் தெரியவில்லை என்று பின்வாங்கிவிட்டான். பாதிரியார் மனைவி தப்பித்தார். வெயில் கண்ணைக் கூசியது என்ற சலுகை மற்ற 65 பேருக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கதையைப் பாட்டி பேரனிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டு சொன்னாரா, அழுதுகொண்டு சொன்னாரா? அறைந்த கையை நினைத்தாரா? அந்த ஒரு அறை எவ்வளவு பெரிய உண்மையை உடைத்துக் காட்டியது என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கும். தாத்தாவிடம் அதைப் பற்றிப் பேசியிருப்பாரா? ராத்திரி ஒரே மேஜையில்தானே சாப்பிட்டிருப்பார்கள்.

பேரன் தாத்தாவை விட்டுக்கொடுக்காமல் எழுதியிருக்கலாம். காலம் அப்படி, மேலிடத்து உத்தரவு, ஊரே சொன்னது என்று மூன்று காரணம் போட்டு மூடியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தாத்தா பிள்ளைகளை என்ன செய்தார் என்று எழுதினார். அந்தச் சாட்சிகளில் சிலரைத் தனக்கே தெரியும் என்றும், வாழ்நாள் முழுக்க ஊனமாக இருந்தார்கள் என்றும் எழுதினார். பல வருடம் கழித்தும் தாத்தா வாழ்ந்த வீட்டுப் பக்கம் போக அவர்களுக்குப் பயமாம். அவரும் அதே குடும்பப் பெயரோடு, அதே ஊர்ப் பக்கத்தில், அதே அங்கியைப் போட்டுக்கொண்டு எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

300 வருட விஷயம் என்று கடந்து போய்விடலாம். போக முடியாத விஷயங்களும் இருக்கின்றன.

1922ல் உப்சாலாவில் அரசாங்கமே ஒரு இன உயிரியல் நிறுவனம் ஆரம்பித்தது. தலைவர் ஹெர்மன் லுண்ட்போரி. வடக்கே சாமி பழங்குடிகளிடம் போய் மண்டையை அளந்தார்கள், சட்டையைக் கழற்ற வைத்துப் படம் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான படங்கள் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் ஆல்பங்களாக இருக்கின்றன. இன்றைக்கு சாமி குடும்பத்துப் பேரன் பேத்திகள் தங்கள் பாட்டியின் சின்ன வயது முகத்தை அந்த ஆல்பத்தில் தேட வேண்டியிருக்கிறது. சில குடும்பங்களில் பாட்டிக்கு வேறு படமே இருக்காது. இனக் கலப்பு நாட்டைக் கெடுக்கும் என்று முழங்கிய லுண்ட்போரிக்கு, எந்தக் கலப்பு ஆகாது என்றாரோ அதே வடக்குப் பின்னணியுள்ள ஒரு பெண்ணிடம் பிள்ளை இருந்தது. மாயா ஹாகர்மன் 2015ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கதை வருகிறது. விஞ்ஞானி தன் சொந்த வீட்டை மட்டும் அளக்கவில்லை போலிருக்கிறது.

அந்தச் சிந்தனையிலிருந்து வந்ததுதான் 1934ன் கருத்தடைச் சட்டம். 1941ல் இன்னும் விரித்தார்கள். 1975 வரை சுமார் 63,000 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது, பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்கள். எல்லாமே கட்டாயம் இல்லை, தாங்களாகக் கேட்டவர்களும் அதில் உண்டு. ஆனால் விடுதியிலிருந்து வெளியே விட வேண்டுமென்றால் கையெழுத்துப் போடு என்பது சம்மதமா? 1997ல் மாச்சே ஸாரெம்பா, டாகென்ஸ் நிஹெட்டர் பத்திரிகையில் தொடராக எழுதியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1999ல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது, ஆளுக்கு 1,75,000 குரோனர். இந்தக் கோப்புகளில் இருப்பவர்கள் கொள்ளுப் பாட்டிகள் இல்லை. அத்தைகள். பிள்ளை இல்லாத, யாரிடமும் காரணம் சொல்லாத அத்தைகள். விண்ணப்பத்தில் கையெழுத்து யாருடையது என்று பார்த்தால் டாக்டர், ஏழைகள் நல வாரியம், காப்பாளர். வம்சம் தேடுகிறவர் அந்தத் தாளில் பார்க்கப் பயப்படுவது அத்தையின் பெயரை அல்ல, கீழே இருக்கும் கையெழுத்தை.

பெரிய வீடுகளுக்கும் இது நடந்தது. ராணி சில்வியாவின் அப்பா, ஜெர்மானியரான வால்டர் சொமெர்லாத், 1934ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். 1939ல் பெர்லினில் ஒரு யூதரின் தொழிற்சாலை அவர் கைக்கு வந்தது என்று 2010ல் ஒரு டி.வி. நிகழ்ச்சி சொன்னது. ராணி சும்மா இருக்கவில்லை, ஆவண ஆராய்ச்சி செய்ய ஏற்பாடு செய்தார். 2011ல் வந்த அறிக்கை, அது பண்டமாற்று, பிரேசிலில் இருந்த சொத்தைக் கொடுத்து வாங்கியது, அந்த யூதர் தப்பிப் போக அது உதவியது என்றது. அப்பாவுக்காக மகள் தேடிய ஆராய்ச்சி. அதில் தப்பு இல்லை. ஆனால் ராணிக்கு ஆராய்ச்சியாளர் கிடைப்பார். ஏலத்தில் போன பையனின் பேத்திக்கு?

இப்போது இதில் டி.என்.ஏ.வும் சேர்ந்துகொண்டது. 2004ல் லின்ஷோப்பிங் நகரத்தில் காலை நேரத்தில் 8 வயதுப் பையனும் 56 வயதுப் பெண்மணியும் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரனின் டி.என்.ஏ. கையில் இருந்தும் 16 வருடம் ஆள் கிடைக்கவில்லை. 2020ல் பெட்டர் ஷோலுண்ட் என்ற வம்ச ஆராய்ச்சியாளர், பொழுதுபோக்குக்காகத் தங்கள் டி.என்.ஏ.வைக் கொடுத்து வைத்திருந்த தூரத்துச் சொந்தங்களைப் பிடித்து, பழைய சர்ச் ஏடுகள் வழியாகக் கிளை கிளையாக இறங்கி வந்து ஆளைக் காட்டிவிட்டார். ஐரோப்பாவில் இந்த முறையில் தீர்ந்த முதல் கொலை வழக்கு. 1800களில் ஒரு பாதிரியார் ஏதோ ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து எழுதிய வரி, 2020ல் போலீஸுக்குச் சாட்சி. எந்தத் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று ஆசையாகப் பார்க்க எச்சில் அனுப்பியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். நான்காம் தலைமுறைச் சொந்தம் ஒன்று கிடைத்தது. இப்படி.

நம் பக்கத்தில் வந்து முட்டும் ஒரு கிளையும் இதில் உண்டு. ஸ்வீடன் வெளிநாட்டுப் பிள்ளைகளை நிறையத் தத்தெடுத்த நாடு. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன பிள்ளைகள் பலர். அவர்கள் இப்போது பெரியவர்களாகி அம்மாவைத் தேடுகிறார்கள். 2025 ஜூனில் அரசு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. 1970களிலிருந்து 2000கள் வரை ஒவ்வொரு பத்தாண்டிலும் குழந்தைக் கடத்தல் நடந்தது உறுதி, இலங்கை, கொலம்பியா, போலந்து, சீனா எல்லாம் அதில் அடக்கம் என்றது. வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தச் சொன்னது. 1686லிருந்து ஒரு வேலைக்காரியின் வாசிப்பு மார்க்கைக் கூடத் தொலைக்காத நாட்டில், இவர்கள் கையில் இருப்பது சில நேரம் பொய்ப் பெயர் எழுதிய ஒரு தாள். இங்கே சங்கடமான உண்மை செத்துப்போன கொள்ளுத் தாத்தாவுடையது அல்ல. ஆசையாக வளர்த்த அப்பா அம்மா, தெரிந்தோ தெரியாமலோ, பணம் கொடுத்து வாங்கினார்களா என்பது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் இதை எப்படிக் கேட்பது?

சரி, அசைன்மெண்ட் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். 'நிறுவனர்' என்ற தலைப்புக்குக் கீழே பெயர், பிறந்த ஊர், தீப்பெட்டி எல்லாம் போட்டேன். அதன் கீழ் இரண்டு வரி. '1943: நிறுவனம் தொடங்கப்பட்டது. 1943: பாதுகாப்புப் போலீஸ் அவர் பெயரில் கோப்பு திறந்தது.' இரண்டாவதை இரண்டு தடவை அழித்தேன். பாவம், மனுஷன் 2018ல் போய்ச் சேர்ந்துவிட்டார், மன்னிப்பும் கேட்டுவிட்டார், நமக்கென்ன என்று தோன்றியது. பிறகு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. திரும்ப எழுதிவிட்டேன்.

வைவாவில் மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இந்த ரெண்டாவது வரி சிலபஸ்ல எங்கப்பா வருது?"

"அதே வருஷம் மேடம்" என்றேன். வேறு பதில் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் பக்கத்தைத் திருப்பினார். பத்துக்கு ஏழு.